வட்டையில் மருந்தடிப்பும் தேனீப்பெட்டியும்: சட்டம் எதுவரை வரும்?

கேள்வி: நாங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் வெல்லாவெளிப் பக்கம் இருக்கிறோம். நவகிரிக் குளத்து நீரில் செய்யும் வயல்களுக்கு அருகே எங்கள் மேட்டுக்காணியில் வத்தகையும் வெள்ளரியும் வைத்திருக்கிறோம். எட்டுத் தேனீப்பெட்டிகளும் உண்டு. கடந்த சிறுபோகத்தில் பக்கத்து வயல் கதிர் தள்ளியிருந்த நேரம், ஒரு நாள் காலையில் மருந்தடித்தார்கள். மத்தியானத்துக்குள் பெட்டி வாசல்களில் தேனீக்கள் கும்பல் கும்பலாகச் செத்துக் கிடந்தன. ஐந்து பெட்டிகள் வெறுமையாகிவிட்டன. அதற்குப் பிறகு பிடித்த வத்தகைப் பிஞ்சுகளும் கோணலாகவே வந்தன. வயல்காரர் எனக்கு மாமா முறை. கேட்டால், "அரசாங்கம் விற்க விட்ட மருந்தைத்தானே அடித்தேன்" என்கிறார். தேனீயைக் கொல்லும் மருந்துகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தடை செய்துவிட்டார்கள் என்று வாசிக்கிறோம். இங்கே ஏன் அப்படி இல்லை? நான் யாரிடம் முறையிடலாம்? நட்டஈடு கிடைக்குமா? பொலிசுக்குப் போக எனக்கு மனமில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் போகும் முன்னர் உங்கள் மாமா சொன்ன வசனத்திலிருந்து தொடங்குவது நல்லது. அரசாங்கம் விற்க விட்ட மருந்தையே அடித்ததாக அவர் கூறுவது வெறும் சாட்டல்ல. பெரும்பாலும் அது உண்மை. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பேராதனையில் விவசாயத் திணைக்களத்தின் கீழ் இயங்கும் பீடைகொல்லிப் பதிவாளரின் அலுவலகத்தில் பதியப்படாத எந்த மருந்தையும் இலங்கைக்குள் கொண்டுவரவோ விற்கவோ முடியாது. ஆகவே அனுமதி பெற்ற கடையில் மும்மொழி லேபலோடு வாங்கிய போத்தலை, லேபலில் குறிப்பிட்ட பயிருக்கு, குறிப்பிட்ட அளவில் ஒருவர் அடித்திருந்தால், அவர் சட்டத்தை மீறினார் என்று சொல்வது கடினம். உங்கள் தேனீக்கள் செத்தது அவர் சட்டத்தை மீறியதால் அல்ல, சட்டம் பார்க்காமல் விட்ட ஓர் இடைவெளியில்தான் என்பது என் எண்ணம். அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், யாரிடம் எதைக் கேட்பது என்பதும் தெளிவாகும்.

நம் நாட்டின் பீடைகொல்லிச் சட்டம் மனித உயிரை நினைத்தே வளர்ந்தது. விவசாயக் கிராமங்களில் மருந்து குடித்து உயிர்விட்டோரின் தொகை உலகமே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உயர்ந்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1995 இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் உள்ளிட்ட மிகக் கொடிய வகை மருந்துகளும், 1998 இல் என்டோசல்பானும் நிறுத்தப்பட்டன. 2008 க்குப் பிறகு பரகுவாட், டைமெத்தோயேட், பெந்தியோன் ஆகியவை படிப்படியாக விலக்கப்பட்டன. நாட்டின் தற்கொலை வீதம் அந்த ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரு சிறிய நாட்டின் பதிவாளர் அலுவலகம் கோப்பில் இட்ட கையெழுத்தால் இத்தனை உயிர்களைக் காப்பாற்றியது உலகச் சுகாதார வரலாற்றில் எடுத்துச் சொல்லப்படும் சாதனை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பின்னர் சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தால் 2014 இன் இறுதியில் காபோபியூரன், குளோர்பைரிபொஸ், காபரில் போன்றவற்றின் மீது கட்டுப்பாடு வந்தது. இந்த மூன்றும் தேனீக்கு மிகவும் கொடியவை. ஆனால் தேனீக்கு அதனால் கிடைத்த நன்மை தற்செயலாக வந்ததே தவிர, தேனீயை எண்ணி எடுத்த முடிவாக அது இருக்கவில்லை.

இதன் அடையாளத்தை நீங்கள் போத்தலிலேயே காணலாம். லேபலின் அடியில் ஒரு நிறப்பட்டி இருக்கும். மஞ்சள் என்றால் மிதமான நச்சு, நீலம் அதைவிடக் குறைவு, பச்சை என்றால் உடனடி ஆபத்து ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்தத் தரம் மனிதருக்கும் பாலூட்டிகளுக்கும் உரியது, தேனீக்கு உரியதல்ல. நெல்லில் கதிரை உறிஞ்சும் மூட்டுப்பூச்சிக்கு அடிக்கப்படும் எதொபென்புரொக்ஸ் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது உடனடி ஆபத்து விளைவிக்க வாய்ப்பில்லாத மருந்துகளோடு சேர்ந்தது. அதே மருந்து தேனீயின் உடலில் பட்டால் அதைக் கொல்லும் வலிமை கொண்டது. பச்சைப்பட்டியைப் பார்த்து 'இது சாதுவான மருந்து' என்று கடைக்காரரும் சொல்வார், உங்கள் மாமாவும் நம்புவார். இருவரும் பொய் சொல்லவில்லை. தேனீக்கான எச்சரிக்கை இருந்தால், லேபலின் சிறிய எழுத்துக்கள் நடுவே ஒரு வரியாக இருக்கும். வயல்வரம்பில் நின்று, மூக்குக்கண்ணாடி இல்லாமல், ஈரக்கையோடு அந்த வரியை எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து, அன்று காலை வயலில் என்ன நடந்திருக்கும் என்பதைப் பார்ப்போம். நெல்லுக்குத் தேனீ தேவையில்லை, ஆகையால் வயலுக்குத் தேனீ வராது என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். முதற்பகுதி சரி, நெல் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்ளும். இரண்டாவது பகுதி பிழை. கதிர் தள்ளிய வயலில் காலை ஒன்பது மணி தொடக்கம் மத்தியானம் வரையிலான நேரத்தில், ஒவ்வொரு நெல்மணியின் உமியும் சற்றே விரிந்து, வெளிறிய மகரந்தப் பைகள் நூலில் தொங்குவதைப் போல வெளியே வந்து ஆடும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் உமி மீண்டும் மூடிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் வரம்பில் குந்தியிருந்து கதிரின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால், சிறுதேனீக்கள் கதிருக்குக் கதிர் தாவி, பின்னங்கால்களில் வெளிர்மஞ்சள் உருண்டை கட்டிக்கொண்டு போவதைக் காண்பீர்கள். அவற்றுக்கு வயலில் தேன் இல்லை. குஞ்சுகளுக்கான மகரந்தம் இருக்கிறது. ஒரு வட்டை, அதாவது சேர்ந்திருக்கும் வயல்தொகுதி, முழுவதும் ஒரே கிழமையில் பூக்கும்போது, அரை மைல் சுற்றளவில் அவற்றுக்கு இதைவிடப் பெரிய களஞ்சியம் வேறு இல்லை. மூட்டுப்பூச்சிக்கு மருந்தடிப்பவர்கள் வயலுக்குள் இறங்குவதும் கதிர் தள்ளிப் பால் பிடிக்கும் இந்த நாட்களில்தான். காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு இறங்கினால், தேனீயும் மருந்தும் ஒரே கதிரில் சந்திக்கின்றன.

எந்த மருந்து என்பதும் முக்கியம். நெல்லில் பனிப்பூச்சிக்கும் அறக்கொட்டியான் என்ற தத்துப்பூச்சிக்கும் இமிடாக்குளோபிரிட், தயாமெத்தொக்சாம் ஆகிய நியோநிக்கொட்டினொயிட் வகை மருந்துகள் பரவலாகப் பயன்பட்டு வருகின்றன. இவை பயிரின் சாற்றோடு கலந்து இலைக்கும் பூவுக்கும் போகின்றன, பூச்சியின் நரம்பில் செய்தி கடத்தும் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை நடுக்கம் கண்டு சாக வைக்கின்றன. வாய்வழியே ஏறத்தாழ 4 நானோகிராம் இமிடாக்குளோபிரிட் ஒரு தேனீயைக் கொல்லப் போதும் என்பது ஆய்வுகளில் அறியப்பட்ட அளவு. நானோகிராம் என்பது ஒரு கிராமின் 100 கோடியில் ஒரு பங்கு. கொல்லாத அளவிலும் இவை தேனீக்கு வழியை மறக்கச் செய்கின்றன. அப்படித் திசைமாறிய தேனீ பெட்டி வாசலில் சாவதில்லை, எங்கோ விழுந்து சாகும். உங்கள் பெட்டிகளின் வாசலிலேயே ஒரே நாளில் கும்பலாகச் செத்துக் கிடந்தன என்பதைப் பார்த்தால், நேரே உடலில் பட்டு விரைவில் கொல்லும் மருந்தாகவும், சிலவேளை இரண்டு மூன்று மருந்துகளின் கலவையாகவும் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஒரே தாங்கியில் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் சேர்த்து ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. தெபுகொனசோல், புரொப்பிகொனசோல் போன்ற சில பூஞ்சணநாசினிகள் நஞ்சைச் சிதைக்கும் தேனீயின் ஆற்றலைக் கட்டிப்போடுவதால், சில பூச்சிநாசினிகளின் கடுமை அவற்றோடு சேரும்போது பல மடங்காகிறது. எந்த லேபலிலும் அந்தக் கலவைக்கு நிறப்பட்டி கிடையாது.

வத்தகைப் பிஞ்சு கோணியதற்கும் இதே காரணம் இருக்க இடமுண்டு. வத்தகையின் பெண்பூ காலையில் விரிந்து பிற்பகலில் சுருங்கிவிடும். மறுநாள் அது விரியாது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீக்கள் திரும்பத் திரும்ப வந்து, சூல்முடியின் மூன்று மடல்களிலும் மகரந்தத்தைப் பரவலாகப் பூசினால்தான் காய் உருண்டு திரளும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் அந்தப் பக்கம் மட்டும் பருக்கும். நீர் குறைந்தாலும் காய் கெடும் என்பதால் இதை மட்டுமே காரணமாக்க மாட்டேன். ஆயினும் தேனீ செத்த கிழமைக்குப் பிறகு பிடித்த பிஞ்சுகளே கோணின என்று நீங்கள் எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது.

வெளிநாட்டுத் தடைகளைப் பற்றி நீங்கள் வாசித்தது பாதி சரி. ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் இமிடாக்குளோபிரிட், குளோதியானிடின், தயாமெத்தொக்சாம் ஆகிய மூன்றையும் தேனீக்கள் நாடும் பயிர்களில் மட்டுப்படுத்தியது. 2018 இல் திறந்த வெளியில் அவற்றைப் பயன்படுத்துவதை முற்றாக நிறுத்தியது. அதற்கு முன்னோடியாக 2008 இல் ஜேர்மனியின் தென்மேற்கில் நடந்த ஒரு பேரழிவைச் சொல்வார்கள். குளோதியானிடின் பூசிய சோள விதையில் மருந்து சரியாக ஒட்டாததால், விதைக்கும் இயந்திரம் கிளப்பிய தூசி பக்கத்து வயல்களின் பூக்களில் படிந்து, 11,000 க்கும் மேற்பட்ட தேனீக் குடும்பங்களைப் பாதித்தது. அதே மே மாதத்தில் அங்கே அனுமதி இடைநிறுத்தப்பட்டது.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே மருந்தைப் பதிவதும் லேபலில் என்ன எழுதுவது என்பதும் மத்திய அரசின் கையில். ஆனால் தன் எல்லைக்குள் யார் வாங்கலாம், எங்கே, எப்போது அடிக்கலாம் என்று கட்டுப்படுத்தும் உரிமை ஒவ்வொரு மாநிலத்துக்கும் உண்டு. அந்த உரிமையின் கீழ் மேரிலாந்து மாநிலம் 2016 இல் முதலாவதாக ஒரு சட்டம் இயற்றியது. 2018 இல் அது நடைமுறைக்கு வந்தது. அதைத் தடை என்று எழுதுகிறார்கள். சட்டத்தை வாசித்தால், வீட்டுத்தோட்டக்காரர் கடையில் நியோநிக்கொட்டினொயிட் மருந்து வாங்க முடியாது என்பதும், விவசாயிக்கும் சான்றிதழ் பெற்ற தெளிப்பாளருக்கும் அந்தத் தடை இல்லை என்பதும் தெரியும். பின்னர் வந்த மாநிலச் சட்டங்களில் பெரும்பாலானவை இதே வழியில் போயின. விவசாய நிலத்தைத் தொட்டவை என்று நியூயோர்க் மாநிலம் 2023 இலும் வெர்மொண்ட் 2024 இலும் மருந்து பூசிய விதைகள் தொடர்பாகக் கொண்டுவந்த சட்டங்களைச் சொல்லலாம். அவையும் சில ஆண்டு அவகாசம் கொடுத்தே நடைமுறைக்கு வருகின்றன. எனவே 'அமெரிக்காவில் தடை' என்ற தலைப்பைக் காட்டி உங்கள் மாமாவிடம் வாதாடினால், அங்கே அவரைப் போன்ற வயல்காரரை அந்தச் சட்டங்கள் பெரும்பாலும் தொடவில்லை என்ற உண்மை உங்களுக்கு எதிராக நிற்கும்.

எனக்கு அமெரிக்க மாநிலங்களில் வேறு இரண்டின் விதிகள்தான் நம் வட்டைக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றன. இரண்டும் தலைப்புச் செய்தியாகும் தரத்தவை அல்ல. 2013 யூனில் ஒரிகன் மாநிலத்தின் வில்சன்வில் நகரில், கடையொன்றின் வாகனத் தரிப்பிடத்தில் பூத்திருந்த லிண்டன் மரங்களுக்கு டைனோட்டிபுயூரன் அடித்ததில் 50,000 க்கும் மேற்பட்ட பெருவண்டுத்தேனீக்கள் தரையில் கொட்டிக் கிடந்தன. இத்தனைக்கும் பூத்த நேரத்தில் தேனீ இருக்கும்போது அடிக்கக்கூடாது என்று லேபலில் இருந்தது. அந்த மாநில விவசாயத் திணைக்களம் பின்னர் அந்த வகை மருந்துகளை அந்த மர இனத்துக்கு அடிப்பதையே தடுத்துவிட்டது. ஒரு மருந்துவகை, ஒரு மரம், ஒரு வரி. மற்றது கலிபோர்னியாவின் விதி. அங்கே தேனீ வளர்ப்போர் தம் பெட்டிகள் இருக்கும் இடத்தைப் பதிவு செய்கிறார்கள். பூத்திருக்கும் பயிருக்குத் தேனீக்கு நஞ்சான மருந்தை அடிக்கப் போகிறவர், ஒரு மைல் சுற்றளவுக்குள் அறிவித்தல் கேட்டிருக்கும் தேனீ வளர்ப்போருக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். யார் யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்று அந்த விதி கூறுகிறது. அதைச் செய்ய இறக்குமதித் தடையோ ஆய்வுகூடமோ தேவையில்லை.

'அப்படியென்றால் தடை வேண்டாமா?' என்று நீங்கள் கேட்கலாம். பூக்கும் பயிரில் நியோநிக்கொட்டினொயிட் அடிப்பதை நம் நாட்டிலும் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதை மட்டும் தடுத்துவிட்டு அந்த இடத்துக்கு எது வரும் என்று பாராவிட்டால், உங்கள் பெட்டிகளுக்கு எந்தப் பயனும் இல்லை. இமிடாக்குளோபிரிட் போத்தல் இருந்த தட்டில் நாளைக்கு எதொபென்புரொக்ஸ் போன்ற வேறொரு மருந்து இருக்கும்; காலை ஒன்பது மணிக்கு அடித்தால் அதுவும் உங்கள் தேனீக்களைக் கொல்லும். 2021 மே மாதம் இரசாயன உரத்தோடு விவசாய மருந்து இறக்குமதியையும் ஒரே வர்த்தமானியில் நிறுத்தி, நவம்பரில் அதைத் திரும்பப் பெற்ற கதையை அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் வயல் செய்தவர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதங்களில் வயலில் மருந்து இல்லாமற் போகவில்லை. லேபல் இல்லாத மருந்து வந்தது. லேபல் இல்லாத போத்தலில் தேனீ பற்றிய அந்த ஒற்றை வரியும் இல்லை.

ஆகவே உங்கள் வட்டைக்கு முதலில் வேண்டியது நேரக் கட்டுப்பாடும் முன்னறிவித்தலும். அவற்றைக் கேட்க ஏற்ற இடம் கொழும்பு அல்ல, போகத் தொடக்கத்தில் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம். விதைப்பு நாளும் வாய்க்காலில் நீர் திறக்கும் நாளும் அங்கே எல்லோரும் சேர்ந்து தீர்மானிப்பதால்தான் வட்டை முழுவதும் ஏறத்தாழ ஒரே நாட்களில் பூக்கிறது. பூக்கும் கிழமை எது என்பது அங்கேயே கணிக்கத்தக்கது. உங்கள் கமக்காரர் அமைப்பின் தலைவரையும் வட்டை விதானையையும் கூட்டத்துக்கு முன்னரே சந்தித்து, கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரையும் துணைக்கு வைத்துக்கொண்டு, கதிர் தள்ளும் நாள் முதல் பால் பிடிக்கும் வரை மருந்தடிப்பு பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகுதான், அதுவும் முதல்நாள் மாலையே தேனீப்பெட்டிக்காரருக்குத் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் என்று ஒரு தீர்மானத்தைக் கூட்ட அறிக்கையில் எழுதச் செய்யுங்கள். அப்படி எழுதப்பட்ட தீர்மானத்தை மீறியவருக்கு உடனே தண்டனை கிடைத்துவிடாது. ஆனால் மாமா முறையான ஒருவரிடம் பிறகு போய்க் கதைக்கும்போது, அது உங்கள் வீட்டுக் குறையாக இல்லாமல் வட்டையின் ஒப்பந்தமாக இருக்கும்.

வயல்காரர்களுக்கு இதில் நட்டம் இல்லை என்பதையும் அங்கே சொல்ல வேண்டும். இந்த இடத்தில் போதனாசிரியர் பேசினால் எடுபடும். மூட்டுப்பூச்சி அதிகாலையிலும் மாலையிலும்தான் கதிரின் மேல் ஏறி உறிஞ்சும். வெயில் ஏறியதும் கீழே பதுங்கிவிடும். மாலையில் அடிப்பவருக்குப் பூச்சி கையில் கிடைக்கிறது, தேனீ கூடு திரும்பிவிடுகிறது, காலையில் பனியோடு இறங்குவதைவிட மருந்தும் இலையில் நன்றாக ஒட்டுகிறது. அறக்கொட்டியானோ நெல்லின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்கு மேலே கூட்டமாக இருக்கும். பவர் ஸ்பிரேயரால் கதிரின் மேலே மழைபோலத் தூவுவது அதற்குப் போய்ச் சேராது. அப்படித் தூவிய பைரித்திரொயிட் மருந்துகள் சிலந்திகளையும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்று, அறக்கொட்டியானை முன்னையைவிடப் பெருகச் செய்வது ஆசிய நாடுகளின் வயல்களில் நெடுங்காலமாக அறியப்பட்ட விடயம். இமிடாக்குளோபிரிட்டுக்கு அது பல நாடுகளில் பழக்கப்பட்டும் விட்டது. பணத்தைக் கொடுத்து வாங்கிய மருந்து வீணாகிறது என்ற பேச்சு, தேனீ சாகிறது என்ற பேச்சைவிட வயல்காரர் காதில் விரைவில் ஏறும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அறிவித்தல் கிடைத்தால் நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. முதல்நாள் இருட்டியபின் வாசலில் கம்பிவலை வைத்துப் பெட்டியை மூடி, மேலே ஈரச்சாக்குப் போட்டு நிழலில் வைக்கலாம். பெட்டிக்குள் காற்றோட்டம் இருக்க வேண்டும். நம் பக்கத்து ஆடி வெயிலில் காற்றில்லாமல் மூடிய பெட்டி மத்தியானத்துக்குள் உள்ளேயே வெந்துவிடும். தகரக் கூரையின் கீழ் வைக்கவே வேண்டாம். மாலையில் மருந்தடித்தால், மறுநாள் காலை கொஞ்சம் தாமதமாகத் திறந்தால் போதும். வயலோரத்தில் தேங்கும் நீரில் மருந்து கலந்திருக்கும் என்பதால், பெட்டிக்கு அருகில் சட்டியில் சுத்தமான நீரும் அதில் மிதக்கச் சில குச்சிகளும் வையுங்கள். இவையெல்லாம் பெட்டித்தேனீக்கே. உங்கள் வத்தகைக்கு வரும் தேனீக்களில் ஒரு பகுதி மருதமரக் கொம்பில் தொங்கும் பெருந்தேனும், சுவர் வெடிப்பிலும் மரப்பொந்திலும் இருக்கும் கொசுத்தேனும், கத்தரிப் பூவை உலுக்கிப் போகும் கருவண்டும்தான். அவற்றைச் சாக்குப் போட்டு மூட யாராலும் முடியாது. நேரக் கட்டுப்பாட்டை முன்னறிவித்தலுக்கு மேலாக நான் வற்புறுத்துவது அதனாலேயே.

முறைப்பாடும் நட்டஈடும் பற்றி: கடந்த சிறுபோகத்தில் நடந்ததற்கு இப்போது நட்டஈடு பெறுவது மிகக் கடினம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் தேனீ இறப்புக்கென்று தனியான இழப்பீட்டு விதி இல்லை. கவனயீனத்தால் நேர்ந்த நட்டம் என்று பொதுச்சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம். ஆனால் எந்த மருந்து, எந்த நேரம், அதனால்தான் செத்தது என்ற மூன்றையும் நிறுவ வேண்டும். உங்களிடம் மாதிரி இல்லை. இனி ஒருமுறை நடந்தால், செத்துக் கிடக்கும் தேனீக்களைக் கையுறை போட்டு ஒரு சுண்டளவு பொறுக்கி, சுத்தமான போத்தலில் இட்டு, நாளும் நேரமும் எழுதி, அன்றைக்கே குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் உறையும் தட்டில் வையுங்கள். வெயிலில் இரண்டு நாள் கிடந்த தேனீயில் மருந்தைத் தேடுவது வீண். நாக்கு நீண்டு வெளியே தள்ளியிருக்கிறதா, நடுங்கித் தவழும் தேனீக்கள் இருக்கின்றனவா என்று தொலைபேசியில் காணொளி எடுங்கள். அடையைத் தூக்கிப் பாருங்கள்: பெரிய தேனீக்கள் மட்டும் செத்து, புழுக்கள் பளபளப்பாக இருந்தால் மருந்து என்று ஐயப்படலாம். புழுக்கள் பை போல ஊதிக் கறுத்திருந்தால் அது நோய். அதற்கு மாமா பொறுப்பில்லை. முடிந்தால் வயலோரத்தில் எறியப்பட்ட வெறும் போத்தலின் லேபலையும் பதிவு இலக்கத்தோடு படம் எடுங்கள். இவற்றோடு அன்றைக்கோ மறுநாளோ விவசாயப் போதனாசிரியரை அழைத்து இடத்தைப் பார்க்கச் செய்து, அவர் எழுதும் குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பெட்டிகளில் நோயா மருந்தா என்ற ஐயம் தீராவிட்டால், பண்டாரவளை பிந்துனுவெவவில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்பு அபிவிருத்திப் பிரிவோடு தொடர்புகொள்ளும்படி அவரிடமே கேளுங்கள்.

லேபல் இல்லாத மருந்து, பதியப்படாத மருந்து, அல்லது லேபலில் தேனீ பற்றிய எச்சரிக்கை இருந்தும் பூத்த நேரத்தில் அடித்தது என்றால், சட்டத்தின் கீழ் அதிகாரமளிக்கப்பட்ட உத்தியோகத்தர் ஊடாகப் பதிவாளருக்கு எழுத்தில் முறையிடலாம். லேபலின்படியே அடித்தும் செத்தது என்றாலும் பதிவாளருக்கு எழுதுங்கள். அந்தக் கடிதம் மாமாவைப் பற்றியதாக இல்லாமல் மருந்தைப் பற்றியதாக இருக்கட்டும். ஒரு மருந்தின் பதிவை மீளப் பரிசீலிக்க அதைப் போன்ற முறைப்பாடுகளே அலுவலகத்துக்குக் காரணம் கொடுக்கின்றன. மாமாவோடான கணக்கைத் தீர்க்க நீதிமன்றத்தைவிட உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபை பொருத்தமான இடம். 1988 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அந்தச் சபையில் சட்டத்தரணி வேண்டியதில்லை, இரு பக்கமும் உட்கார்ந்து கதைக்கலாம், இணக்கம் கண்டால் சான்றிதழ் தருவார்கள். ஐந்து பெட்டிக்கான விலையைக் கேட்பதா, அல்லது அடுத்த போகத்தில் அவர் செலவில் இரண்டு பெட்டியும் மாலையில் மருந்தடிக்கும் வாக்குறுதியும் வாங்குவதா என்பது உங்கள் வீட்டுத் தீர்மானம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவதைக் கேட்பேன்.

கடைசியாக, அரசின் பக்கம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மனிதருக்கு நிறப்பட்டி இருப்பதுபோல, தேனீக்கு நஞ்சான மருந்தின் முன்பக்கத்தில் எழுத்தறிவில்லாதவருக்கும் விளங்கும் ஒரு தேனீப் படத்தையும், அடிக்கக்கூடாத நேரத்தையும் பெரிதாகப் போட வேண்டும் என்று பதிவாளரிடம் கேட்கலாம். அமெரிக்க மத்திய அரசின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 2013 இலேயே இந்த வகை மருந்துகளின் லேபலில் தேனீப் படத்துடனான எச்சரிக்கைக் கட்டத்தைக் கொண்டுவந்தது. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, லேபலை ஒப்புக்கொள்ளும் அதிகாரம் பதிவாளரிடம் ஏற்கனவே இருக்கிறது. உங்கள் மாமா அடித்த மருந்தைப் பதிவு செய்தபோது தேனீ நச்சுத்தன்மை பற்றிய எந்தத் தரவு பார்க்கப்பட்டது, லேபலில் என்ன எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட்டது என்பதை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். வேலைநாட்கள் 14 க்குள் தகவல் தருவதா இல்லையா என்று அலுவலகம் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். காரணம் கூற வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் அதன் பிரதியை எனக்கும் அனுப்பினால், பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னர் தீர்மானத்தின் வாசகத்தை எழுதித் தருகிறேன்.